கால்நடைகளின் இரைப்பையும் அதனுள் வாழும் குடிகளும்

வயலின் விளைவில் மணியை மனிதன் எடுத்துக்கொள்கிறான். தாளையும் தட்டையையும் மாட்டிற்கு இடுகிறான். மனிதன் வயிற்றில் சிறிதும் ஜீரணமாகாத அவ்வுலர்ந்த தாளைப் பசு பாலாகவும், எருது உழைப்பாகவும், ஆடு இறைச்சியாகவும் மாற்றித் தருகின்றன. இவ்வளவு பெரிய உபகாரத்தைச் செய்யும் பிராணியின் வயிற்றினுள் நடப்பது யாது என்பதைக் கால்நடை வளர்ப்போரிற் பலர் ஆராய்வதில்லை. பால்மாடு வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்டது தீவனத்திற்கே ஆகின்றது. அச்செலவில் ஒரு பகுதி வீணாவதும், நல்ல கறவைப் பசு ஓரிரவில் வயிறு உப்பி இறப்பதும் பல சமயங்களில் இவ்வறியாமையால் நேர்வனவே. ஆகையால், பிராணிகள் எவ்வாறு உண்கின்றன, உண்டதை எவ்வாறு ஜீரணிக்கின்றன, இவ்விரண்டிலும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பவற்றை இங்கே சற்று விரிவாகக் கூறுவோம்.

உண்ணும் முறையில் வேற்றுமை

பசுவிற்கு மேல்வாயின் முன்புறத்தில் பற்கள் இல்லை. அவ்விடத்தில் தடித்த ஈறு மட்டுமே உண்டு. அது தன் நீண்ட நாவினால் புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் மேலீற்றுக்கும் இடையே பிடித்து அறுத்து விழுங்குகின்றது. ஆகவே மிகக் குட்டையான புல்லைப் பசுவினால் மேய முடியாது. செம்மறியாட்டின் மேலுதடு நடுவில் பிளவுபட்டிருப்பதால், அது தரையோடு ஒட்டிய புல்லையும் கறித்துவிடும். வெள்ளாடோ தன் அசையும் உதட்டினால் முள்ளுக்கிடையிலுள்ள தழையையும் தனித்தனியே பொறுக்கித் தின்னும் திறமையுடையது. ஒரே மேய்ச்சல் தரிசில் இம்மூன்றும் அளவோடு மேய்ந்தால் ஒன்றின் உணவை மற்றொன்று முற்றிலும் கவர்ந்துகொள்வதில்லை. அளவு மிஞ்சினால் மாடு விட்டதை ஆடு வேரோடு கறித்துத் தரையை வெறுமையாக்கிவிடும்.

நாவினால் வாரி விழுங்கும் பழக்கம் பசுவிற்கு ஓர் ஆபத்தையும் விளைவிக்கின்றது. தீவனத்தில் ஆணி, கம்பித்துண்டு, ஊசி முதலியன கலந்திருந்தால் அவற்றைப் பிரித்துத் தள்ள அதனால் இயலாது. விழுங்கிய கம்பி இரைப்பையின் இரண்டாம் அறையிலே தங்கி, அதன் சுவரைத் துளைத்து, முன்னால் அண்மையிலுள்ள இருதயம் வரை சென்று உயிரைப் போக்குவதுண்டு. பிளாஸ்டிக் பைகள் முதல் அறையில் சேர்ந்து பந்தாகத் திரண்டு, மாடு உண்ணவும் முடியாமல் மெலிந்து இறப்பதும் இக்காலத்தில் கண்கூடு.

கோழிக்குப் பற்களே இல்லை. அது கொத்திய தானியம் கழுத்தடியிலுள்ள பையில் ஊறிப் பின்னர்த் தசை தடித்த அரைவைப்பையிற் செல்லும். அங்கே கோழி முன்னரே விழுங்கியிருக்கும் சிறு கற்கள் எந்திரக்கல்போல் நின்று தானியத்தை அரைக்கின்றன. கூட்டிலடைத்து முழுத்தானியம் போட்டு வளர்க்கும் கோழிகளுக்கு மணற்கல் இடவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. குதிரைக்கும் முயலுக்கும் நார்ப்பொருள் ஜீரணமாவது இரைப்பையில் அன்று. பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலாகும். முயல் அப்பையிலிருந்து வெளிப்படும் மெல்லிய புழுக்கைகளைத் தன் வாயினாலே நேராக எடுத்து மீண்டும் உண்டு, அதிலுள்ள சத்தை இரண்டாம் முறையாகப் பெறுகின்றது. இதனை நோயென்று கருதி அஞ்ச வேண்டுவதில்லை.

நான்கு அறைகளுள்ள இரைப்பை

மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவை அசைபோடும் பிராணிகள். இவற்றின் இரைப்பை நான்கு அறைகளாகப் பிரிந்துள்ளது. முதலாவது பெருவயிறு, இது வயிற்றின் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய கறவைப் பசுவில் இதன் கொள்ளளவு 100 லிட்டருக்கும் மேற்பட்டிருப்பதுண்டு. இரண்டாவது, உட்சுவர் தேனடைபோல் அமைந்த வலைப்பை. மூன்றாவது, புத்தகத்தின் ஏடுகள் போன்ற மடிப்புகளையுடைய ஏட்டுப்பை. இதில் நீர் உறிஞ்சப்படுகின்றது. நான்காவதே மனிதனுடைய இரைப்பையைப்போல் ஜீரண நீரைச் சுரக்கும் மெய்யான இரைப்பை.

மாடு மேயும்பொழுது புல்லை நன்றாக மெல்லாமலே விழுங்கிப் பெருவயிற்றை நிரப்பிக்கொள்கின்றது. பின்னர் நிழலிற் படுத்து, விழுங்கியதைச் சிறு கவளங்களாக மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து, நிதானமாக மென்று மறுபடியும் உள்ளே அனுப்புகின்றது. நாரான தீவனம் உண்ணும் மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் வரை அசைபோடும். இவ்வேலையின்போது ஏராளமான உமிழ்நீர் சுரக்கின்றது. பெரிய கறவைப் பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் சுரக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வுமிழ்நீர் சோடா உப்பின் தன்மையுடையதாதலால், பெருவயிற்றில் உண்டாகும் புளிப்பைத் தணித்து வைக்கின்றது. உழவு மாட்டிற்கும் வண்டி மாட்டிற்கும் தீவனம் போட்டால் மட்டும் போதாது, அசைபோட ஓய்வும் தரவேண்டும் என்று முதியோர் கூறிவந்தது இதனாலேயே முற்றிலும் பொருத்தமாகின்றது. அசைபோடாத மாடு நோயுற்ற மாடு என்று கொள்வதிலும் தவறில்லை.

கண்ணுக்குப் புலப்படாத குடிகள்

இனி இவ்விஷயத்தின் முக்கிய பாகத்திற்கு வருவோம். வைக்கோலின் நார்ப்பொருளைக் கரைக்கும் ஜீரண நீரைப் பாலூட்டும் பிராணி எதுவும் தன் உடலிற் சுரப்பதில்லை. பசுவும் இதற்கு விலக்கன்று. அவ்வேலையைச் செய்பவை அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். 1843-ஆம் ஆண்டிலேயே க்ரூபி, டெலபோண்டு என்னும் இருவர் பிரான்சு தேசத்தில் இப்பையின் நீரில் நுண்ணிய விலங்குயிர்கள் நீந்துவதைக் கண்டு அறிவித்தனர். பின்னர் அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் என்பவர், காற்றின்றி வாழும் இவ்வுயிர்களைக் குப்பியில் வளர்க்கும் முறையைக் கண்டு, இவற்றைப்பற்றிய பெருநூல் ஒன்றை 1966-இல் வெளியிட்டார். 1975-இல் இங்கிலாந்தில் ஆர்ப்பின் என்பவர் அங்கே காற்றின்றி வாழும் பூஞ்சணங்களும் உண்டென்று காட்டினார்.

இவற்றின் தொகை நம்புதற்கரியது. பெருவயிற்று நீரின் ஒரு மில்லி லிட்டரில் ஏறக்குறைய 1000 கோடி பாக்டீரியாக்களும், லட்சக்கணக்கான விலங்குயிர்களும் உள்ளன. இவை வாழ்வதற்கு வேண்டிய யாவற்றையும் பசு அமைத்துத் தருகின்றது: ஏறக்குறைய 39 டிகிரி சென்டிகிரேடு வெப்பம், காற்றில்லாத இருட்டறை, இடைவிடாது வரும் நறுக்கிய தீவனம், புளிப்பைத் தணிக்கும் உமிழ்நீர், எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டேயிருக்கும் தசையசைவு. இதற்குக் குடிவாரம்போல் அவை பசுவுக்குச் செலுத்துவன மூன்று.

முதலாவது, நார்ப்பொருளைப் புளிக்கவைத்து உண்டாக்கும் மெல்லிய அமிலங்கள். காடியிலுள்ள அசெட்டிக் அமிலமும் இவற்றுள் ஒன்று. இவை பெருவயிற்றின் சுவர் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்து, பசுவுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கைத் தருகின்றன. பாலிலுள்ள வெண்ணெய்க்கும் மூலப்பொருள் பெரிதும் இவையே. நார்த்தீவனத்தைக் குறைத்துத் தவிட்டையும் தானியத்தையும் மிகுதியாக வைத்தால் பாலில் கொழுப்புக் குறைவது இதனால்தான்.

இரண்டாவது, அந்நுண்ணுயிர்களின் உடல். அவை பெருகிப் பெருகித் தீவனத்தோடு நான்காம் இரைப்பைக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கே ஜீரணமாகின்றன. பசுவுக்குக் கிட்டும் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது பெரும்பாலும் இவ்வழியில் வருவதே. ஆகவே புல்லை மட்டும் தின்னும் பிராணி என்று நாம் கருதும் பசு, உண்மையில் கோடானுகோடி நுண்ணுயிர்களை வளர்த்து உண்ணும் பிராணியாகும். மூன்றாவது, பி வகையைச் சேர்ந்த உயிர்ச்சத்துக்கள்.

நுண்ணுயிர்களும் தமக்குள் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. பூஞ்சணம் தாளின் கடினமான சுவரைத் துளைத்து வழி திறக்கும். பாக்டீரியா அவ்வழியே புகுந்து நாரைக் கரைக்கும். விலங்குயிர் பாக்டீரியாவை விழுங்கும். இவை வெளிவிடும் ஹைட்ரஜன் வாயுவை வேறொரு வகையுயிர் உண்டு மீத்தேன் வாயுவாக மாற்றும். அவ்வாயுவைப் பசு ஏப்பமாக வெளியேற்றுகின்றது. தீவனத்திலுள்ள சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாறு வீணாவதோடு, உலகின் வெப்பத்தை அதிகரிப்பதற்கும் அவ்வாயு ஒரு காரணமாகின்றது. தரமான தீவனம் இட்டு ஒரு பசுவின் பாலை உயர்த்தினால், லிட்டர் ஒன்றுக்கு இவ்வாறு வெளியாகும் வாயு குறைகின்றது.

ஏப்பம் தடைப்பட்டால் உப்புசம் உண்டாகும். இளங்குதிரைமசால் போன்ற பயறினப் பசுந்தழையைப் பனி உலராமல், வெறும் வயிற்றில் மிகுதியாக மேயவிட்டால், பெருவயிற்றில் வாயு நுரையாகத் தங்கி, இடப்பக்கப் பள்ளம் மத்தளம்போல் உப்பி, மாடு மூச்சுத் திணறி இறக்கும். முதலில் சிறிது வைக்கோல் தின்னக் கொடுத்துப் பின்னர் இத்தழையை இடுவது நன்று. உப்புசம் கண்டவுடன் கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். மாட்டை முன்புறம் மேடாக நிறுத்துவது ஓரளவு உதவும். எண்ணெய் புகட்டுவோர், நாவைப் பிடித்திழுத்து அவசரமாக ஊற்றின் அது நுரையீரலுட் புகுந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

கன்றின் வயிறு

பிறந்த கன்று அசைபோடும் பிராணியன்று. அதன் பெருவயிறு சிறியதாயும் வேலையற்றும் இருக்கும். கன்று பாலை ஊட்டும்பொழுது உணவுக்குழாயின் முடிவில் ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் இரைப்பைக்குக் கொண்டு செல்கின்றது. பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பாலை ஊட்டவேண்டும்; நோயை எதிர்க்கும் சக்தியைக் கன்று தாயின் கருவிலே பெறுவதில்லை, சீம்பாலிலேயே பெறுகின்றது. நேரம் செல்லச் செல்ல அச்சக்தியைக் குடல் உட்கொள்ளும் திறன் குறைந்து, ஒரு நாளைக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் ஊட்டலாகாதென்னும் வழக்கம் கன்றுக்குப் பெருந்தீங்கு செய்வதாதலால் அதனை அறவே விட்டொழிக்க வேண்டும்.

சில வாரங்களில் கன்று புல்லையும் தீவனத்தையும் கறிக்கத் தொடங்க, பெருவயிறு வளர்ந்து நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன? தாய் கன்றை நக்குவதாலும், பெரிய மாடுகளோடு ஒரே தொட்டியில் உண்பதாலும், அவற்றின் உமிழ்நீர் பட்ட புல்லைக் கறிப்பதாலும் வருகின்றன. பிறந்ததுமுதல் பிற மாடுகளை அணுகாமல் தனியே வைக்கப்பட்ட கன்றுகளின் பெருவயிற்றில் விலங்குயிர்கள் தோன்றவே இல்லையென்று சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு தலைமுறைப் பிராணி அடுத்த தலைமுறைக்குத் தன் உருவத்தை மட்டுமன்றித் தன் வயிற்றின் குடிகளையும் கொடுத்துச் செல்கின்றது என்பது இதனால் விளங்கும்.

சூபாபுல் கற்பித்த பாடம்

சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் வழங்கும் மரத்தின் தழை புரதம் மிகுந்தது. மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் வட ஆஸ்திரேலியாவில் மேய்ச்சலுக்காக விரிவாக வளர்க்கப்பட்டது. ஆனால் அங்கே இதனை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு உரோமம் உதிர்ந்தது, கழுத்துக்கழலை வீங்கியது, உடல் மெலிந்தது. தழையிலுள்ள மிமோசின் என்னும் நஞ்சே இதற்குக் காரணம். ஹவாய்த் தீவிலோ அதே தழையைத் தின்ற ஆடுமாடுகள் ஒரு குறையுமின்றி வாழ்ந்தன. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான ரேமண்டு ஜோன்ஸ் இவ்வேற்றுமையை ஆராய்ந்து, தழையிலன்று, வயிற்றின் குடிகளிலேதான் வேற்றுமை உளது என்று ஊகித்தார். 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் ஹவாய் வெள்ளாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களைக் கொணர்ந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றிற் செலுத்தியபொழுது, அவையும் அந்நஞ்சை முறிக்கும் திறன் பெற்றன. அதைச் செய்யும் பாக்டீரியாவுக்கு 1992-இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே சூட்டினர்.

நம் நாட்டுக் கால்நடை வளர்ப்போர் இதிற் கொள்ளவேண்டிய பாடம் யாதெனின், சூபாபுல் தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், பிற தீவனத்தோடு கலந்து, சிறிது சிறிதாகப் பழக்கி இடவேண்டும் என்பதே. குதிரை, பன்றி, கோழி ஆகியவற்றிற்கு இத்தழை அசைபோடும் பிராணிகளைக் காட்டிலும் அதிகத் தீங்கு விளைக்கும்.

திடீர் மாறுதலால் விளையும் கேடு

பெருவயிற்றின் நுண்ணுயிர்த்தொகை ஒவ்வொரு தீவனத்துக்கும் ஏற்றவாறு அமைந்துள்ளது. வைக்கோல் தின்னும் மாட்டில் நாரைக் கரைப்பன மிகுந்திருக்கும். தானியம் தின்னும் மாட்டில் மாவுப்பொருளைப் புளிக்கவைப்பன மிகுந்திருக்கும். ஒரு தீவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற இத்தொகைக்கு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று வாரங்கள் வேண்டும். அவகாசமின்றி மாற்றினால் கேடு விளையும்.

மாட்டுப் பொங்கல் நாளில் அன்பின் மிகுதியால் பொங்கலையும் வெல்லத்தையும் வாழைப்பழத்தையும் அளவின்றி மாட்டிற்கு ஊட்டுவதும், கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கழுநீர்த் தொட்டியில் நிறையக் கொட்டுவதும், அவிழ்ந்த மாடு நெல்லுக் குவியலில் வாய் வைப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. அவ்வாறு திடீரென வந்த மாவுப்பொருளை ஒருவகைப் பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் புளிக்கவைத்து, தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்தை ஏராளமாக உண்டாக்குகின்றன. பெருவயிற்றில் புளிப்பு மிஞ்சவே, நாரைக் கரைக்கும் உயிர்களும் விலங்குயிர்களும் மாள்கின்றன. பெருவயிற்றின் அசைவு நிற்கின்றது. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. மாடு தீவனத்தை வெறுத்து, பற்களைக் கடித்து, புளித்த நாற்றமுள்ள கழிச்சல் கண்டு, தள்ளாடி விழுகின்றது. வைத்தியம் தாமதித்தால் ஒன்றிரண்டு நாட்களில் இறக்கவும் நேரிடும். கொண்டாடுதற்குரிய பிராணியைக் கொண்டாட்டத்தாலேயே இழப்பது எத்துணைப் பரிதாபம்! பண்டிகை நாளில் ஒரு கைப்பிடி அளவு பொங்கலை மாட்டிற்குக் கொடுத்து, வயிறு நிறையப் பசும்புல்லை இடுவதே உண்மையான உபசாரமாகும்.

இந்நோய்க்கு வைத்தியர்கள் சோடா உப்பு முதலியவற்றைக் கொடுத்துப் புளிப்பைத் தணித்த பின்னர், நலமுள்ள மற்றொரு மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டிற்குப் புகட்டுவதுண்டு. குடிகள் அழிந்த ஊரில் புதுக்குடிகளை ஏற்றுவதை இச்சிகிச்சை ஒக்கும்.

இளஞ்சோளத்தின் ஆபத்தும் இங்கே கூறத்தக்கது. பூப்பதற்கு முந்திய சோளப்பயிரிலும், வறட்சியால் வாடிக் குன்றிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப்பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சை விடுக்கும் பொருள் மிகுந்திருக்கும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் அப்பொருளை விரைவிற் சிதைத்து நஞ்சை வெளிப்படுத்துகின்றன. இதனாலேயே இவ்விஷயத்தில் குதிரையைவிட மாடு எளிதில் பாதிக்கப்படுகின்றது. சில நிமிஷங்களிலேயே மூச்சு விரைந்து மாடு சாயும். பூத்தபின் அறுத்து, வாடவிட்டுப் போடும் சோளத்தட்டையில் இவ்வச்சம் குறைவு. நஞ்சுண்ட மாட்டிற்கு வைத்தியர் ஊசி மூலம் மாற்று மருந்து செலுத்திக் காப்பாற்ற இயலுமாதலால், ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

வைக்கோலைத் திருத்துதல்

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே உள்ளது. அதிலுள்ள சிலிக்காவும் மரத்தன்மையான பொருளும் நுண்ணுயிர்களை நாரை அணுகவொட்டாமல் தடுக்கின்றன. நுண்ணுயிர்கள் பெருகத் தழைச்சத்து வேண்டும்; அது வைக்கோலிற் போதாது. ஆகவே வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டின் வயிறு நிறைந்தும் உடல் வாடுகின்றது.

இக்குறையை நீக்க யூரியாப் பதனம் என்னும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டுள்ளது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் வரையுள்ள நீரில் முற்றிலும் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தாளினால் மூடி, 21 நாட்கள் வைக்கவேண்டும். உண்டாகும் அம்மோனியா வைக்கோலை மென்மையாக்குவதோடு அதன் தழைச்சத்தையும் உயர்த்துகின்றது. எடுத்தபின் சிறிது நேரம் காற்றாடவிட்டு, முதலில் கொஞ்சமாகத் தந்து பழக்கவேண்டும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கும், குதிரை முதலிய அசைபோடாப் பிராணிகளுக்கும் இதனைத் தரலாகாது.

யூரியாவை நேராக மாட்டிற்குக் கொடுப்பதும், யூரியா கரைத்த வாளியையும் சிந்திய மூட்டையையும் மாடு எட்டும் இடத்தில் வைப்பதும் கொலைக்கு ஒப்பாகும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதனை நொடியில் அம்மோனியாவாக மாற்ற, அம்மோனியா இரத்தத்தில் மிகுந்து மாடு துடித்து இறக்கும். வைத்தியர் வருமுன் காடியும் ஏராளமான குளிர்ந்த நீரும் புகட்டுதல் முதலுதவியாகும்.

பதனம் செய்ய இயலாதவர் வைக்கோலோடு அகத்தி, வேலிமசால், தட்டைப்பயற்றங்கொடி முதலிய பயறினத் தழைகளில் நாளொன்றுக்குச் சில கிலோ சேர்த்தாலும் நுண்ணுயிர்கள் ஊக்கம் பெற்று வைக்கோலையும் நன்கு கரைக்கும். வரப்பிலும் வேலியிலும் இவற்றை நடுவதற்குப் பெருஞ்செலவு இல்லை.

மேய்ச்சல் நிலத்துத் துணைவர்

ஜீரணம் மாட்டின் வயிற்றோடு முடிந்துவிடுவதில்லை. சாணம் மண்ணாவது வரை அது தொடர்கின்றது. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது நம் முதியோர் சொல். அறுவடைக்குப்பின் தஞ்சைப் பகுதி வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை அமர்த்துவது, ஆட்டிற்குத் தாளும் வயலுக்கு எருவும் கிடைக்கும் உடன்படிக்கையேயாகும்.

இவ்வேலையிற் சாணவண்டின் உதவியைப் பலர் அறியார். ஆஸ்திரேலியாவின் நாட்டு வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைகளுக்குப் பழகியவை. 1788 முதல் ஐரோப்பியர் கொணர்ந்த மாடுகள் பெருகியபோது, அவற்றின் ஈரச் சாணத்தை அவ்வண்டுகள் பெரும்பாலும் தீண்டவில்லை. சாணம் மாதக்கணக்கில் தரைமேல் காய்ந்து கிடந்தது. அதன்கீழ்ப் புல் மடிந்தது. அதில் ஈக்கள் கோடிக்கணக்கிற் பெருகின. ஹங்கேரியிலிருந்து அங்குக் குடியேறிய ஜார்ஜ் போர்னமிஸா என்பவர் இதனை ஆராய்ந்து கூறியதன் பயனாக, அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனம் 1968 முதல் ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைச் சாணவண்டுகளைத் தருவித்து விட்டது. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை அங்கே நிலைபெற்றன. நமக்கோ இவ்வுதவி விலையின்றிக் கிடைத்துள்ளது. வண்டு சாணத்தை உருட்டிப் புதைப்பதால் எரு மண்ணிற் சேர்கின்றது, மழைநீர் இறங்க வழி உண்டாகின்றது, ஈ குறைகின்றது. ஐவர்மெக்டின் போன்ற புழுமருந்துகள் சாணத்தில் வெளிப்பட்டு வண்டின் குஞ்சுகளை அழிக்கக்கூடுமாதலால், அவற்றை வைத்தியர் சொல்லும் காலத்தில் மட்டும் தருவதே முறை.

மாட்டின் காலடியில் நடக்கும் உண்ணிக்கொக்கும், முதுகின்மேல் அமரும் கரிச்சானும் மேயும் மாடு கலைத்தெழுப்பும் வெட்டுக்கிளிகளையும் பூச்சிகளையும் பிடித்துண்கின்றன. மாடின்றித் தனியே தேடுவதைவிடக் குறைந்த உழைப்பில் மிகுந்த இரையைக் கொக்கு இவ்வாறு பெறுகின்றது. பயிருக்குப் பகையான பூச்சியும் குறைகின்றது.

பாறு தந்த எச்சரிக்கை

இறந்த மாட்டையும் ஜீரணிக்கும் பிராணி ஒன்று உண்டு. அதுவே பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. அதன் இரைப்பை நீர் மிகக் கடுமையான அமிலமாதலால், அழுகிய இறைச்சியிலுள்ள பல நோய்க்கிருமிகள் அதனுள் மடிகின்றன. இந்தியாவிற் கூட்டங்கூட்டமாக இருந்த வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்துபோயிற்று. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. மாடுகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலிற் தங்கி, அதை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததென்று 2004-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. 2006-இல் இந்திய அரசாங்கம் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடுத்தது. 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபெனாக் என்பனவும் தடுக்கப்பட்டன. பாறுகள் குறைந்த இடங்களில் பிணங்கள் அழுகிக் கிடந்தன; தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இதனால் ஏறக்குறைய 5 லட்சம் மனிதர் மிகுதியாக இறந்திருப்பர் என்று 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைக் காப்பது வனத்துறையின் கடமை மட்டுமன்று. ஊசி போடச் சொல்லும் மாட்டுக்காரரின் கடமையுமாகும். மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதென்று சோதித்தறியப்பட்டுள்ளது.

கிராம அதிகாரிகள் இதனோடு ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நலமாயிருந்த மாடு திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அப்பிணத்தை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. திறந்தால் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு தங்கும். பாறுக்கும் நாய்க்கும் விடாமல், ஆழமாகப் புதைக்கவோ முழுதும் எரிக்கவோ வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி இத்தகைய நோய் உண்டென ஐயுறும் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அச்செய்தியை அன்றே அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுதியனுப்புதல் அதிகாரிகள் செய்யத்தக்கது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தீவனத்தை மாற்றுவதாயின் இரண்டு மூன்று வாரங்களிற் சிறிது சிறிதாக மாற்றுக.

2. உலர்ந்த எடையில் தீவனத்தின் பெரும்பகுதி தாளும் தழையுமாயிருக்கட்டும். தவிடும் பிண்ணாக்கும் துணையாயிருக்கட்டும்.

3. சோறு, பொங்கல், தானியமாவு இவற்றை மிகுதியாக ஒருகாலும் வைக்கலாகாது.

4. கன்று பிறந்தவுடன் சீம்பாலை ஊட்டுக.

5. பூக்குமுன் சோளத்திலும், மழைக்குப்பின் துளிர்த்த மறுதாம்பிலும் மாட்டை மேயவிடலாகாது.

6. உர மூட்டை, கம்பி, ஆணி, பிளாஸ்டிக் பை ஆகியவற்றைத் தொழுவத்திலிருந்து விலக்குக.

7. உலர்தீவனம் 1 கிலோவுக்கு 3 அல்லது 4 லிட்டர் வீதம் சுத்தமான நீர் கிடைக்கச் செய்க. கறவை மாட்டிற்கும் கோடைக்கும் இதனினும் மிகுதி வேண்டும்.

8. மாட்டின் வலிக்கு ஊசி போடும்பொழுது, பாறுகளுக்குத் தீங்கற்ற மருந்தையே கேட்டுப் பெறுக.

பசு தன்னந்தனியே வாழும் பிராணியன்று. அதன் வயிற்றினுள் ஒரு பெருங்குடியும், காலடியில் வண்டும் கொக்கும், வானத்திற் பாறும் அதனோடு சேர்ந்து வாழ்கின்றன. உழவனும் அக்கூட்டத்தில் ஒருவனே. மாட்டிற்குத் தீவனம் இடுபவர் முதலில் அதன் வயிற்றின் குடிகளுக்கே இடுகிறார் என்னும் எண்ணத்தோடு நாள்தோறும் தொட்டியை நிரப்புவாராயின், வைக்கோலும் வீணாகாது, பாலும் குறையாது, பண்டிகைக்கு மறுநாள் தொழுவம் வெறுமையாகவும் நேராது.